புத்துக்காளான் வளர்க்கப் போன கதை

ஆடி பிறந்து, நல்ல இடியோடு ஒரு மழை பெய்து, மூன்றாம் நாள் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைப்பாதையில் போய்ப் பாருங்கள். வளைவுக்கு வளைவு ஒரு அம்மாவோ, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பொடியனோ தேக்கிலைப் பொட்டலத்தோடு நிற்பார்கள். பிரித்தால் உள்ளே புத்துக்காளான் இருக்கும். குடை விரியாத மொட்டு, நுனி மட்டும் ஆணி மாதிரிக் கூர். தண்டுக்குக் கீழே வால் மாதிரி ஒரு வேர். மண் வாசனையும் பச்சைக் கடலை வாசனையும் கலந்த மாதிரி ஒரு மணம் வரும். பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுக் குழம்பு வைத்தால் நாட்டுக்கோழி தோற்றுவிடும். இதை நான் ருசிக்காகச் சொல்லவில்லை (கொஞ்சம் ருசிக்காகவும்தான்). இந்தக் காளானை வளர்க்கப் போய் நாங்கள் மூன்று பேர் என்ன செய்து தொலைத்தோம் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குப் போளூர் பக்கம் இரண்டரை ஏக்கர். நெல், கடலை, வரப்போரம் கொஞ்சம் தென்னை. தென்னை நிழலில் ஒரு காளான் குடில். எட்டு வருடமாகச் சிப்பிக்காளானும் பால்காளானும் போடுகிறேன். கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தும் வாத்தியார். இன்னொருவன் ஆரணியில் காளான் வித்து தயாரிக்கும் தம்பி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்று பேரும் குடிலில் கூடிவிடுவோம். என் வீட்டுக்காரம்மா எங்களுக்கு வைத்த பெயர் 'காளான் பைத்தியங்க'.

மலைமேல் ஒரு குடும்பத்திடம் சாமை வாங்குவது என் வழக்கம். மலையாளிப் பழங்குடிக் குடும்பம். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை, காரணம் பின்னால் வருகிறது. அந்த வீட்டு ஆயாதான் முதல்முதலாக எனக்குப் புத்துக்காளான் பொட்டலம் கொடுத்தவர். பொட்டலம் நூறு ரூபாய். "ஆயா, இத நாங்க குடில்ல போடப்போறோம், வருசம் பூரா கெடைக்கும்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். ஆயா சிரித்தார். "மனுசன் போட முடியாது தம்பி. இது கறையான் வூட்டு வெள்ளாம. இடி இடிச்சா அது குடுக்கும், நாம வாங்கிக்கணும். அவ்ளோதான்."

எங்களுக்கு இருந்த தைரியத்துக்குக் காரணம் பால்காளான். அதுவும் ஒரு காலத்தில் காட்டுக்காளான்தான். வங்காளத்தில் இருந்து 1974-இல் புர்காயஸ்தா, சந்திரா என்ற இரு ஆய்வாளர்கள் அதை விவரித்து எழுதினார்கள். பிறகு நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏபிகே-2 என்ற ரகமாக வெளியிட்டது. இன்று சேலத்திலும் ஈரோட்டிலும் கொட்டகை கொட்டகையாக நிற்கிறது. வைக்கோலை வேகவைத்து, ஈரம் வடித்து, படுக்கை வித்தைப் பாலித்தீன் பையில் அடுக்கு அடுக்காகப் போட்டால் பதினைந்து, பதினெட்டு நாளில் பை முழுக்க வெள்ளையாக நூல் பரவிவிடும். பையை நடுவில் இரண்டாக வெட்டி, மேலே வேகவைத்த மண்ணை இரண்டு சென்டிமீட்டருக்குப் பரப்பி ஈரம் காட்டினால், பத்து நாளில் மொட்டு. முப்பது, முப்பத்தைந்து டிகிரி வெயிலும் அதற்குப் பிடிக்கும். வேலூர் வெயிலுக்கென்றே பிறந்த மாதிரி. ஆக, ஒரு காட்டுக்காளான் வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்தது ஏன் வராது?

முதல் வருடம் முறைப்படி ஆரம்பித்தோம். விரியாத காளானைப் பிளந்து, கையோ காற்றோ படாத உள்சதையில் அரிசி அளவு ஒரு துண்டு எடுத்து, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் அகரும் சேர்த்துக் காய்ச்சின கூழில் வைத்தோம். சிப்பிக்காளானாக இருந்தால் ஒரு வாரத்தில் தட்டு நிறைந்துவிடும். புத்துக்காளான் மூன்று வாரத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நகர்ந்தது. அதற்குள் நாற்பது தட்டில் முப்பத்தொன்று பச்சையாகப் பூத்துவிட்டது. டிரைக்கோடெர்மாதான். நாம் விதைநேர்த்திக்குக் கொண்டாடுகிற அதே டிரைக்கோடெர்மா காளான்காரனுக்கு எமன்.

மிஞ்சின ஒன்பது தட்டில் இருந்து சோளத்தில் தாய்வித்து எடுத்தோம். அது பரவ இரண்டு மாதம். அதிலிருந்து வைக்கோல் படுக்கை, மரத்தூள் படுக்கை, புத்துமண் கலந்த படுக்கை என்று போட்டோம். வெள்ளை நூல் அரைமனதாகக் கொஞ்சம் தூரம் போய் நின்றுவிட்டது. மொட்டு? கிடையாது. இடிச் சத்தம் வேண்டுமாம் என்று ஆரணித் தம்பி ஒரு ராத்திரி குடிலுக்குள் தகரத்தைப் போட்டுத் தட்டினான். சிரிக்காதீர்கள். ஜப்பானில் இவாடே பல்கலைக்கழகத்தில் காளான் கட்டைக்கு மின்னல் மாதிரி உயரழுத்த மின்சாரத்தை நொடிக்கும் குறைவாகப் பாய்ச்சி விளைச்சலைக் கூட்டியிருக்கிறார்கள். இடிக்கும் காளானுக்கும் முடிச்சுப் போட்ட நம் பாட்டிகள் ஒன்றும் சும்மா சொல்லவில்லை. ஆனால் அங்கே மின்சாரம் வேலை செய்தது, எங்கள் தகரம் நாயைத்தான் எழுப்பியது.

இரண்டாம் வருடம்தான் அந்தக் காரியம் நடந்தது.

ஆயா வீட்டுச் சாமைக்கொல்லை ஓரத்தில், புங்கமரத்தடியில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு புத்து. வெளிப்பக்கம் வரிவரியாக, கோபுரத்துக்கு முட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும். ஆயா வாக்கப்பட்டு வந்த காலத்திலிருந்து ஆடி, ஆவணியில் காளான் கொடுக்கும் புத்து அது. வாத்தியாருக்கு ஒரு யோசனை. "வெளிய வர்ற காளான எடுத்துப் பிரயோசனம் இல்ல. உள்ள கறையான் வளக்குற மூலத்தையே எடுக்கணும்." ஆயாவிடம் கேட்டோம். "வாணாம் தம்பி, அது வூடு" என்றார். நாங்கள் விடவில்லை. ஆயா களை எடுக்கப் போயிருந்த ஒரு காலையில், அவர் மகனுக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்துச் சம்மதிக்கவைத்து, கடப்பாரை போட்டோம்.

புத்தை வெட்டிப் பார்த்தவர்கள் சொல்வது சரி. அது மண்ணில் கட்டின ஊர். மேலே காற்று போக ஓட்டைகள். கீழே தேங்காய் அளவு, வாழைப்பூ அளவு என்று அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு பஞ்சுக்கட்டி. ஆட்டு மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக, காபித்தூள் நிறத்தில், தொட்டால் உதிர்ந்துவிடும் போல. அதன்மேல் ஜவ்வரிசியில் பாதி அளவுக்கு வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். அறைக்குள் கையை வைத்தால் அடைகாக்கும் கோழியின் வயிறு மாதிரி கதகதப்பு. வெளியே மழைக்குளிர், உள்ளே அந்தச் சூடு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்தக் கட்டிக்குத் தமிழில் புற்றாஞ்சோறு என்று பெயர் உண்டு. இன்னும் பழைய பெயர் குரும்பி. கரடி புற்றைத் தோண்டிக் குரும்பி தின்பதை அகநானூறு பாடியிருக்கிறது என்று வாத்தியார் பிறகு சொன்னார். இதற்கு நம் ஆட்கள் 'சோறு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், யாருக்கு யார் சோறு போடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கடப்பாரை இன்னும் ஒரு அடி இறங்கியபோது கெட்டியான மண்ணில் ஒரு அறை உடைந்தது. உள்ளே தாய்க்கறையான். தலை எறும்பு அளவு, வயிறு என் சுண்டுவிரல் பருமன். பாதி நசுங்கியிருந்தது. வேலைக்காரக் கறையான்கள் அதைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தன. வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. பதினோரு கட்டிகளை ஈரச்சாக்குப் போட்ட மண்பானையில் எடுத்துக்கொண்டு மலையிறங்கினோம். அன்று ராத்திரியே நல்ல மழை. திறந்து கிடந்த பள்ளத்தில் அது இறங்கியிருக்கும்.

குடிலில் சூட்டைச் சரியாக வைத்தோம், ஈரத்தைச் சரியாக வைத்தோம். நான்காம் நாள் கட்டிகளில் இருந்து விரல் விரலாக ஏதோ கிளம்பியது. வந்துவிட்டது என்று ஆரணித் தம்பி துள்ளிக் குதித்தான். ஆறாம் நாள் அந்த விரல்கள் கறுத்துவிட்டன. சைலேரியா என்று வேறொரு பூஞ்சணம். கறையான் இருக்கும்வரை தலைகாட்டாமல் பதுங்கியிருந்து, கறையான் போனதும் முழுப் பஞ்சுக்கட்டியையும் பிடித்துக்கொள்ளும் களை. பதினோரு கட்டியும் போச்சு.

ஆயா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "போவட்டும் வுடு" என்றார். அடுத்த ஆடியில் அந்தப் புத்தில் ஒரு காளான்கூட வரவில்லை. அதற்கடுத்த ஆடியிலும் இல்லை. அந்த ஒரு புத்துக் காசில்தான் ஆயா தன் பேத்திக்குப் பள்ளிக்கூட நோட்டும் சீருடைத் தையல்கூலியும் பார்த்திருக்கிறார். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தோம். முதலில் படித்துவிட்டுக் கடப்பாரை எடுத்திருக்க வேண்டும். நம்ம புத்தி பின்புத்தி.

இந்தப் பஞ்சுக்கட்டியில் காளான் வளர்வதை முதலில் கவனித்து எழுதியவர் நம் மண்ணில் இருந்தவர். லின்னேயசின் மாணவரான யோகான் கெர்ஹார்டு கூனிக் என்ற மருத்துவர். 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், தஞ்சாவூர்ச் சீமையில் புற்றுகளை வெட்டிப் பார்த்து 1779-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். பிறகு இலங்கையில், பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் இருந்த டாம் பெட்ச் 1906-இல் இதையே விரிவாக ஆராய்ந்தார். 1942-இல் பிரான்சு நாட்டின் ரோஜர் ஹெய்ம் இந்தக் காளான் இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர் வைத்தார். கறையான் காளான் என்றுதான் அர்த்தம். 1979-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் தென்னிந்தியாவில் கிடைக்கும் ஒரு வகையைப் புதிதாக விவரித்து, அந்த ஹெய்ம் பெயரையே வைத்து டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று அழைத்தார். இருநூற்று நாற்பது வருடத்துக்கு மேலாக ஆட்கள் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்றுவரை பால்காளான் மாதிரிக் கொட்டகையில் போட்டு விற்கிற அளவுக்கு இதை யாரும் கொண்டுவரவில்லை. எங்களுக்கு முன்னால் தோற்றவர்கள் எங்களைவிடப் பெரிய ஆட்கள். அதில் ஒரு சின்ன ஆறுதல்.

ஏன் வராது என்பதற்கும் பதில் புத்துக்குள்ளேயே இருக்கிறது. வேலைக்காரக் கறையான் காய்ந்த இலை, சுள்ளி, புல், சாணி எல்லாவற்றையும் கடித்து விழுங்கும். கூடவே அந்த வெள்ளை உருண்டைகளையும் விழுங்கும். உருண்டையில் இருக்கும் காளான் வித்து அதன் குடலில் சாகாமல் வெளியே வரும். எச்சமாகப் போட்டதையே கட்டியின் மேல் புது அடுக்காகப் பூசும். அதில் காளான் நூல் ஓடி, கறையானால் செரிக்க முடியாத மரச்சக்கையை உடைத்துக் கொடுக்கும். பக்குவமான பழைய அடுக்கைக் கறையான் கீழிருந்து தின்னும். மேலே நடவு, கீழே அறுவடை. சூடு முப்பது டிகிரியை ஒட்டியே நிற்கும், காற்று எப்போதும் ஈரம். இதோடு களை எடுப்பும் உண்டு. சைலேரியா மாதிரி எதுவும் தலைதூக்காமல் லட்சக்கணக்கான வாய்கள் பார்த்துக்கொள்கின்றன. நாங்கள் ஸ்பிரிட் விளக்கும் குக்கரும் வைத்து மாரடித்த வேலையைக் கறையான் எச்சிலிலேயே முடிக்கிறது. கறையான் இந்த விவசாயத்தை ஆரம்பித்துச் சுமார் மூன்று கோடி வருடம் ஆகிறது என்கிறார்கள். நாம் ஏர் பிடித்து ஒரு பத்தாயிரம் வருடம் இருக்குமா?

வெளியே தெரியும் காளான் இந்தப் பயிரின் பூ மாதிரி. மழை இறங்கியதும் பஞ்சுக்கட்டியிலிருந்து ஒரு வேர் மேல்நோக்கிக் கிளம்பி, கெட்டி மண்ணை அந்தக் கூர்நுனியால் குத்தித் துளைத்து வெளியே வரும். காளானோடு வரும் நீள வேர் அதுதான், நுனி கீழே பஞ்சுக்கட்டியில் இருக்கும். குடை விரிந்தால் வித்து உதிரும்.

ஈசல் பறக்கிற கதை உங்களுக்குத் தெரியும். ஜோடி சேர்ந்து, இறக்கையை உதிர்த்து, மண்ணுக்குள் அறை கட்டி அடைத்துக்கொள்ளும். இந்தக் கறையான்களில் பெரும்பாலான வகைகள் தாய்வீட்டிலிருந்து காளான் வித்தைக் கொண்டுபோவதில்லை. புது வீட்டின் முதல் வேலைக்காரர்கள் சில மாதம் கழித்து வெளியே வந்து, தரையில் கிடக்கும் காளான் வித்தைத் தீனியோடு சேர்த்து உள்ளே கொண்டுபோனால்தான் புதுப்புத்துக்குத் தோட்டம். யாரோ ஒரு காளான் எங்கோ விரிந்து வித்து உதிர்த்திருக்க வேண்டும். ஒன்று விடாமல் மொட்டிலேயே பிடுங்கிவிட்டால்? விதைநெல்லைத் தின்ற கதைதான். ஆனால் மொட்டுக்குத்தான் விலை, விரிந்ததை எவனும் வாங்குவதில்லை. இதில் சந்தையும் சேர்ந்துதான் குற்றவாளி.

இந்த இடத்தில் இன்னொரு காளானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'காளான் குடில்' என்று பலகை வைத்த நாளிலிருந்து மாதம் ஒரு பையனாவது பைக்கில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, கொடைக்கானல் காளான் போடுவீங்களா?" என்று கேட்கிறான். சாணியில் முளைக்கும் போதைக்காளான். அதில் இருக்கும் சைலோசைபின் 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. விளைவித்தாலும் விற்றாலும் ஜெயில்தான். போடமாட்டேன், போ என்று அனுப்பிவிடுவேன். ஆனால் அதன் கதையில் நமக்கு ஒரு சங்கதி இருக்கிறது. புத்துக்காளானுக்குப் பெயர் வைத்த அதே ரோஜர் ஹெய்ம் 1956-இல் கார்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கிக்காரரோடு மெக்சிகோ மலைக்குப் போனார். அங்கே மசதெக் பழங்குடியினர் நோய் தீர்க்கும் சடங்கில் உண்ணும் காளான்களைக் கொண்டுவந்து பாரிசில் வளர்த்தும் காட்டினார். அதிலிருந்துதான் சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாப்மன் 1958-இல் சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். பழங்குடி மலையில் மறைவாக இருந்த காளான் இரண்டே வருடத்தில் ஆய்வுக்கூடச் சீசாவுக்கு வந்துவிட்டது. தான் பெயர் வைத்த புத்துக்காளானோ அப்படி யாருக்கும் வசப்படவில்லை.

ஆனால் அந்த மலைக்கு என்ன கிடைத்தது? வாசனுக்குச் சடங்கைக் காட்டியவர் மரியா சபினா என்ற மருத்துவச்சி. 1957-இல் லைஃப் பத்திரிகையில் வாசன் எழுதியபோது பெயரை மாற்றித்தான் போட்டார். இருந்தும் கூட்டம் அந்த ஊரைக் கண்டுபிடித்து வந்துவிட்டது. ஊர் சீரழிந்தது என்று ஊர்க்காரர்களே அந்த அம்மா மேல் கோபப்பட்டார்கள். அவர் வீடு எரிக்கப்பட்டது. வாத்தியார் இதைப் படித்துச் சொன்ன அன்று எனக்கு ஆயா முகம்தான் வந்தது. இரண்டாயிரம் ரூபாயோடு மலையேறின நாங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். ஆயா ஊர்ப் பெயரை நான் எழுதாததற்கு இதுதான் காரணம்.

பணம் கொடுத்துச் சரிக்கட்டலாம் என்று ஒருமுறை போனோம். ஆயா வாங்கவில்லை. "துட்டு இன்னாத்துக்கு? மேல இன்னொரு புத்து கீது. காட்டறன். தொடாம பாத்துக்கினு இரு." அந்தப் புத்தைத்தான் நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நோட்டுப் போட்டு எழுதுகிறோம். இடி என்றைக்கு, மழை எவ்வளவு, ஈசல் என்றைக்கு, காளான் எந்தப் பக்கம் எத்தனை. ஆயா எடுக்கும் முறையையும் பார்த்து எழுதிக்கொண்டோம். தோண்டமாட்டார். பண்ணரிவாளை மண்ணில் இரண்டு விரல் இறக்கி அறுப்பார், வேரை இழுக்கமாட்டார். ஓரத்தில் முளைத்ததில் நாலைந்தை அப்படியே விட்டுவிடுவார். "அது கறையானுக்கு" என்பார். வித்து உதிர்கிற கணக்கை நாங்கள் புத்தகத்தில் படித்தபோது, வாத்தியார் நோட்டைத் திருப்பி அந்த வரிக்கு அடியில் கோடு போட்டார்.

என் நிலத்துக்கும் இப்போது வேறு கண் வந்திருக்கிறது. எங்கள் அப்பா காலத்தில் வரப்பில் மூன்று புத்து இருந்ததாம். இரண்டைக் குளோர்பைரிபாஸ் ஊற்றி அழித்தார்கள். மிஞ்சின ஒன்று அம்மன் குடிகொண்ட புத்து. மஞ்சள் பூசி, பாலும் முட்டையும் வைக்கிற புத்தில் யார் மருந்து ஊற்றுவார்கள்? ஊர்ப்பக்கம் இன்று மிச்சமிருக்கிற புத்துகளை எண்ணிப் பாருங்கள், பாதிக்கு மேல் சாமிப் புத்தாகத்தான் இருக்கும். கறையான் கடலையைத் தின்கிறதே என்று கேட்பீர்கள். தின்னும், எனக்கும் தின்றிருக்கிறது. கவனித்த வரையில், காய்ந்த சருகும் சுள்ளியும் தரையில் ஒன்றுமே இல்லாமல் துடைத்து வைத்த கொல்லையில்தான் அது பயிருக்கு வருகிறது. இப்போது அம்மன் புத்தைச் சுற்றி ஐந்தடிக்கு ஏர் ஓட்டுவதில்லை, சருகை எரிப்பதில்லை, தென்னமட்டையையும் கடலைக்கொடியையும் அங்கேயே போட்டுவிடுகிறேன். கடலைப் பக்கம் தொல்லை குறைந்திருக்கிறது. எல்லா ஊருக்கும் இது செல்லும் என்று சத்தியம் செய்யமாட்டேன், போட்டுப் பார்த்து எழுதுங்கள். போன வருடம் அந்தப் புத்தடியில் அரிசிக்காளான் வந்தது. பொரி இறைத்த மாதிரி நூற்றுக்கணக்கில், நகம் அளவுக் குடை. கறையான் வெளியே தள்ளின பஞ்சுத்துணுக்கில் முளைக்கிற குட்டி இனம் அது. நாங்கள் பறிக்கவில்லை.

எழுதுவதைப் படித்துவிட்டு மழைக்காலத்தில் கண்ட குடையையெல்லாம் பறித்துவிடாதீர்கள். புல்வெளியில் முளைக்கும் ஒரு நச்சுக்குடை பார்வைக்குப் பெரிய புத்துக்காளான் மாதிரியே இருக்கும். தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம் இருக்கும், விரிந்து முற்றினால் அடிமடல் பச்சையடிக்கும். தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆளைச் சாய்த்துவிடும். புத்துக்காளானுக்கு அப்படி நகரும் வளையம் கிடையாது, மடல் பச்சையாகாது. குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ராத்திரி வைத்தால் வெளிர் ரோஸ் நிறத்தில் வித்துப்பொடி விழும், நச்சுக்குடைக்குப் பச்சைப் பொடி. இதுவும் சந்தேகத்தைத் தீர்க்கத்தான், தின்ன உத்தரவாதம் இல்லை. வெள்ளிக்காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி தின்றால் நாமும் தின்னலாம் என்பதெல்லாம் சுத்தப் பொய். ஈரலைத் தின்னும் காளான்கள் ஆறு, பத்து மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், அதற்குள் காரியம் கெட்டிருக்கும். அந்த மண்ணில் தலைமுறையாகப் பறிப்பவர் கையால் பறித்தது தவிர வேறு காட்டுக்காளான் என் வீட்டுக்குள் வருவதில்லை.

ஆரணித் தம்பி இன்னும் விடவில்லை. இரண்டு தட்டில் அந்தப் பழைய நூலை இன்றும் மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டிருக்கிறான். "எப்பவாவது ஒரு நாள் மொட்டு வைக்கும்ண்ணே" என்கிறான். வைக்கட்டும். அதற்கு யார் புத்தும் உடைய வேண்டியதில்லை என்பதால் நானும் ஒன்றும் சொல்வதில்லை.

இந்த ஆடியில் மேலே போயிருந்தேன். வெட்டின புத்து கரைந்து முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அதன் தலைமேல் விரிந்த காளான் இரண்டு, கவிழ்த்து வைத்தபடி வாடிக் கிடந்தன. மேல்புத்தில் இருந்து ஆயா கொண்டுவந்து வைத்திருக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வீட்டில் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு நூற்றைம்பது கேட்டார்.

"நூறுதான ஆயா?"

"ஒரு புத்து கொறஞ்சிடிச்சில்ல" என்றார்.

கொடுத்துவிட்டு மலையிறங்கினேன்.